எந்த பங்க்கில் பெட்ரோல் போடலாம் என்று கேட்டாயே

அன்புள்ள மகனுக்கு,

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அம்மாவும் ஆராதனை முடிந்து வீட்டுக்குள் நுழைகிற நேரத்தில் நீ போன் செய்தாய். கார் வாங்கிவிட்டாய் என்றும், ஐப்பசியில் ஜெனிபாவைப் பிரசவத்துக்கு அவள் அம்மா வீட்டில் விட கோயம்புத்தூரிலிருந்து பாளையங்கோட்டை வரைக்கும் நீயே ஓட்டி வரப்போகிறாய் என்றும் சொன்னாய். அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். "அப்பா, இருபத்தாறு வருசம் பங்க்ல மேனேஜரா இருந்தீங்கள்லா, சாதா பெட்ரோல் போடட்டா, வெல கூடுனதப் போடட்டா? எந்தக் கம்பெனி நல்லது?" என்று கேட்டாய். நான் ஏதோ ரெண்டு வார்த்தை சொன்னேன். அப்புறம் நீயாகவே சிரித்துக்கொண்டு, "ஊருக்கு வந்துட்டா கவலையே இல்ல, ஜெனிபாவையும் கூட்டிக்கிட்டு வள்ளியூருக்கு ஒரு நட போவேன், நம்ம பங்க் இருக்கு, அங்கனயே ரொப்பிக்கிடுதேன்" என்றாய். நான் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்குள் போனேன். குழாயைத் திறந்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றேன். ஏன் அப்படிப் போனேன் என்று அம்மா அன்றைக்குக் கேட்கவில்லை. இப்போது அவளுக்கு எல்லாம் தெரியும். "போன்ல சொல்லாதீங்க, அவன் குறுக்க குறுக்கப் பேசுவான், நீங்களும் பாதியில நிறுத்திருவீங்க. எழுதுங்க" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

முதலில் நீ கேட்டதற்குப் பதில். உன் வண்டியோடு கொடுத்த கையேட்டை எடுத்துப் பார். எத்தனை ஆக்டேன் வேண்டும் என்று அதில் போட்டிருக்கும். தொண்ணூற்றொன்று போதும் என்று இருந்தால் சாதா பெட்ரோலே போடு. விலை கூடியதைப் போட்டால் வண்டி பறக்கும், மைலேஜ் கூடும் என்று பங்க்கில் நிற்கிற பையன்கள் சொல்வார்கள். அப்படிச் சொல்லச் சொல்லி அவர்களுக்கு நானே சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தொண்ணூற்றைந்து வேண்டும் என்று கையேட்டில் இருந்தால் மட்டும் அதைப் போடு, அதில் கஞ்சத்தனம் பார்க்காதே. மேடு ஏறும்போது இன்ஜினுக்குள் கல்லைக் குலுக்குகிற மாதிரி சத்தம் வந்தால் வண்டிக்கு அது போதவில்லை என்று அர்த்தம். பெட்ரோல் மூடியைத் திறந்தால் உள்பக்கம் இ-இருபது என்று ஒட்டியிருக்கிறதா என்றும் பார். இப்போது வருகிற பெட்ரோலில் ஐந்தில் ஒரு பங்கு எத்தனால். புது வண்டி தாங்கும். பழைய வண்டியென்றால் ரப்பர் குழாய்களை மெக்கானிக்கிடம் காட்டாமல் தூரப் பயணம் போகக்கூடாது.

கம்பெனியைப் பற்றிக் கேட்டாய். ஒரு கம்பெனி டிப்போவிலிருந்து இன்னொரு கம்பெனி லாரியும் ரொப்பிக்கொண்டு போவதை நான் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு கம்பெனியும் பெட்ரோலில் சேர்க்கிற மருந்தில் கொஞ்சம் வித்தியாசம் இருக்கலாம், அவ்வளவுதான். வித்தியாசமெல்லாம் தரைக்கு அடியில் இருக்கிறது. போர்டில் என்ன பெயர் இருக்கிறது என்று பார்க்காதே. டேங்க் எங்கே புதைத்திருக்கிறார்கள், அதன் மூடி இருக்கிற இடம் மேடா பள்ளமா, மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்குமா, நாளுக்கு எத்தனை வண்டி வருகிறது, இதையெல்லாம் பார். வியாபாரம் இல்லாத பங்க்கில் விலை கூடிய பெட்ரோல் வாரக்கணக்கில் கிடக்கும். டேங்கர் லாரி நின்று இறக்கிக்கொண்டிருந்தால் அங்கே போடாதே, அடியில் கிடந்ததெல்லாம் கலங்கி மேலே வரும். டென்சிட்டி, அதாவது பெட்ரோலின் அடர்த்தி, என்ன என்று கேள். ஒரு சொட்டைப் பில்டர் பேப்பரில் விட்டு, காய்ந்த பிறகு கறை நிற்கிறதா என்று காட்டச் சொல். இல்லை என்று சொல்ல அவர்களுக்கு உரிமை கிடையாது. இதெல்லாம் செய்தாலும் கடைசியில் அங்கே நிற்கிற ஆளை நம்பித்தான் போட வேண்டியிருக்கிறது. அந்த ஆளைப் பற்றித்தான் உனக்கு எழுத வந்தேன்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், நீ கல்லூரி ஹாஸ்டலில் இருந்த சமயம். ஐப்பசி மழை மூன்று நாளாக விடாமல் கொட்டியது. நம் பங்க்கின் பின்பக்கம் பள்ளம், உனக்குத் தெரியும். நீ சின்னப் பிள்ளையில் அங்கேதான் கப்பல் விட்டு விளையாடுவாய். நாலாம் நாள் காலையில் மழை கொஞ்சம் ஓய்ந்திருந்தது. தினமும் காலையில் விற்பனை தொடங்குவதற்கு முன்னால் டேங்குக்குள் டிப் குச்சியை விட்டு அளவு பார்ப்போம். குச்சியின் நுனியில் ஒரு பசை தடவுவோம். தண்ணீர் பட்டால் அந்தப் பசை நிறம் மாறும். அன்றைக்குக் குச்சியை வெளியே எடுத்தேன். ரெண்டு விரற்கடை உயரத்துக்கு நிறம் மாறியிருந்தது. துடைத்துவிட்டு மறுபடி விட்டுப் பார்த்தேன். அதேதான். எத்தனாலின் குணம் உனக்குத் தெரிந்திருக்கும். தண்ணீரைக் கண்டால் பெட்ரோலை விட்டுவிட்டு அதோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். அது இன்ஜினுக்குள் போனால் வண்டி உடனே நிற்காது. குழாயில் இருக்கிற நல்ல பெட்ரோல் தீர்கிற வரைக்கும் ஓடும். அப்புறம் எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது.

முதலாளிக்கு போன் செய்தேன். அவர் எடுத்த எடுப்பிலேயே, "வே, மழைக்கு எல்லா பங்க்லயும் கொஞ்சம் எறங்கத்தான் செய்யும். அடியில கெடக்கது அடியிலயே கெடக்கும். பத்து மணிக்கு லோடு வருது, அதுல சரியாயிரும். மூடி வச்சேருன்னா ஊரு முழுக்க நாறிப் போவும், பைய வித்துட்டு இரும்" என்றார். "அண்ணாச்சி, ரெண்டு விரக்கடை நிக்கி" என்றேன். "நான் சொல்லுதது வெளங்குதா இல்லையா?" என்றார். எனக்கு விளங்கியது. பதிவேட்டில் தண்ணீர் என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை.

பத்து மணிக்கு லாரி வந்து இறக்கிவிட்டுப் போனது. ஒரு மணி நேரமாவது பொறுத்து, மறுபடி குச்சி விட்டுப் பார்த்துத்தான் பம்ப்பைத் திறந்திருக்க வேண்டும். மழையில் வேலையாட்கள் யாரும் வரவில்லை, நான் ஒருவன்தான் நின்றேன். அப்போது ஒரு பழைய வெள்ளைக் கார் வேகமாக உள்ளே வந்தது. ஓட்டி வந்தவர் சுடலைமுத்து, பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவர். உனக்குப் பள்ளிக்கூட யூனிபார்ம் தைத்துக் கொடுத்தது அவர்தான். பின் சீட்டில் அவர் மனைவி இசக்கி, நிறைமாதம். வலி தொடங்கியிருந்தது. ஜன்னலுக்கு மேலே இருக்கிற கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். சுடலைமுத்து இறங்கவே இல்லை. "பாளையங்கோட்டைக்குப் போணும் அண்ணாச்சி, இங்க முடியாதுன்னுட்டாங்க. சீக்கிரம் போடுங்க" என்றார். மூடியைத் திறந்து குழாயை வைத்தேன். அப்போதுதான் அவருக்கு என்ன தோன்றியதோ, தலையை வெளியே நீட்டி, "இவ்வளவு மழ பெஞ்சிருக்கே, பெட்ரோல் நல்லாருக்கும்லா?" என்று கேட்டார்.

லே, அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு எத்தனையோ வழி இருந்தது. பம்ப் ரிப்பேர் என்று சொல்லியிருக்கலாம். அரைக் கிலோமீட்டர் தள்ளி மேட்டில் இருக்கிற இன்னொரு பங்க்குக்குப் போங்கள் என்று சொல்லியிருக்கலாம். அவர் காரில் இருந்த மிச்சமே அவ்வளவு தூரத்துக்குப் போதும். நான், "நம்பிப் போங்க, ஒண்ணுமில்ல" என்றேன். மூடியைத் திருகி, வண்டியின் பின்பக்கத்தை ரெண்டு தட்டு தட்டி அனுப்பினேன்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரத்துக்குள் மூன்று பைக்குகளைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் 'ஸ்டாக் இல்லை' என்று போர்டு வைத்தேன். உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வடக்கே அந்தக் கார் எதுவரைக்கும் போயிருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே இருந்தேன். நாங்குநேரி தாண்டியிருக்கும், இந்நேரம் ஆஸ்பத்திரியில் இறங்கியிருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவர் நம்பர் என்னிடம் இருந்தது. ஒரு போன் செய்து, 'வண்டி திணறினா அங்கனயே நிறுத்தி வேற வண்டி புடிங்க' என்று சொல்லியிருக்கலாம். போன் சட்டைப் பையில்தான் இருந்தது.

கார் நாங்குநேரி தாண்டி, ரெண்டு பக்கமும் வயலாகக் கிடக்கிற இடத்தில் நின்றிருக்கிறது. மறுபடி மழை பிடித்துக்கொண்டது. போகிற லாரி ஒன்றும் நிற்கவில்லை. ஆம்புலன்ஸ் தண்ணீர் கிடந்த பாதையைச் சுற்றிக்கொண்டு வந்துசேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. தாய் பிழைத்தாள். பிள்ளை பிழைக்கவில்லை. பெண் பிள்ளை.

நாலாம் நாள் சுடலைமுத்து ஒரு மெக்கானிக்கோடு பங்க்குக்கு வந்தார். மெக்கானிக் கையில் தண்ணீர் பாட்டில், அதில் காரிலிருந்து எடுத்த பெட்ரோல். மேலே தெளிவாகவும் கீழே கலங்கலாகவும் ரெண்டு தட்டாக நின்றது. முதலாளியும் அன்றைக்கு இருந்தார். பாட்டிலை வாங்கிப் பார்த்துவிட்டு, "ஒங்க வண்டி மூணு நாளா வாசல்ல மழையில நின்னுருக்கும் தம்பி. மூடி வழியா எறங்கியிருக்கும்" என்றார். சுடலைமுத்து அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தார். "அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. நீங்க சொன்னா நான் நம்புவேன்" என்றார். நான், "மூடியத் தொறக்கும்போதே பாத்தேன், உள்ள இருக்க ரப்பர் வெடிச்சிருந்தது. அவசரத்துல இருந்தீங்க, அதான் சொல்லல" என்றேன். முதலாளிகூட அதை எதிர்பார்க்கவில்லை. அவர் திரும்பி என்னைப் பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது. சுடலைமுத்து தலையைத் தலையை ஆட்டினார். "நாந்தான் பாத்திருக்கணும்" என்று சொல்லிவிட்டு, பாட்டிலை அங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

அதற்கடுத்த வருஷங்களில் நான் தேவாலயத்தில் மூப்பராக இருந்தேன். உனக்கு வேலை கிடைத்தது. உனக்குக் கல்யாணம் செய்தோம். அவருக்கும் பத்திரிகை கொடுத்தேன், வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார். அவர் அந்தக் காரை விற்றுவிட்டு அப்புறம் ஸ்டீயரிங்கையே தொடவில்லை என்று கேள்விப்பட்டேன். கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன். ஓய்வு பெற்று பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு வள்ளியூர்ப் பக்கம் போவதையே விட்டுவிட்டேன். நீ அன்றைக்கு போனில் கேட்காமல் இருந்திருந்தால், செத்துப் போகிற வரைக்கும் இப்படியே இருந்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன். உன் குரலில், அதே ஐப்பசியில், பிள்ளை சுமக்கிற ஒருத்தியைப் பின் சீட்டில் வைத்துக்கொண்டு, அதே பங்க்குக்கு வண்டியை விடுவேன் என்று கேட்ட பிறகு என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை.

நீ பேசின மறுநாள் காலை வள்ளியூருக்கு பஸ் பிடித்துப் போனேன். சுடலைமுத்து இப்போது வீட்டிலேயே தைக்கிறார். என்னைப் பார்த்ததும் மிஷினை நிறுத்தி எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். நான் உட்காராமலே சொன்னேன். குச்சி, முதலாளி போன், பதிவேடு, மூடி ரப்பர் என்று நான் சொன்ன பொய், எல்லாம். நான் முடித்ததும் அவர் உள்ளே பார்த்து, "இசக்கி, இங்க வா" என்று கூப்பிட்டார். என்னிடம், "இவகிட்டயும் சொல்லுங்க. முழுசாச் சொல்லுங்க" என்றார். ரெண்டாம் தடவையும் சொன்னேன்.

அவள் கையில் அரிசி களைந்த ஈரம் இருந்தது. சேலையில் துடைத்துக்கொண்டே கேட்டாள். கடைசியில், "அப்போ மூடி நல்லாத்தான் இருந்ததா?" என்றாள்.

"நல்லாத்தான் இருந்தது தாயி."

அவள் என்னைத் திட்டவில்லை. புருஷன் பக்கம் திரும்பினாள். "ஆறு வருசமா இவரப் பேசாத பேச்சுல்லாம் பேசிட்டேனே" என்றாள். "ஒரு மூடியப் பாக்கத் துப்பில்ல, நீயெல்லாம் ஒரு தகப்பனான்னு கேட்டுட்டேனே." சுடலைமுத்து சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் குலுங்கியது. அவர்களுக்கு அதற்குப் பிறகு பிள்ளை இல்லை. அவள் அவர் பக்கத்தில் போய் நின்று, திரும்பாமலே என்னிடம், "நீங்க போங்க. இப்பப் போயிருங்க" என்றாள். நான் இறங்கி வந்தேன். பின்னால் கதவைச் சாத்தித் தாழ் போட்டார்கள்.

இதை முதலாளியிடம் யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. நாலு நாள் கழித்து அவர் போன் செய்தார். இப்போது அவருக்கு மூன்று பங்க், பெரிய இடங்களில் எல்லாம் பழக்கம். கோபப்படவே இல்லை. "என்ன வே, பழசையெல்லாம் கெளறிட்டுத் திரியுதேராம்? வயசான காலத்துல வீட்ல இருக்கலாம்லா?" என்றார். "மவன் கோயம்புத்தூர்ல அந்தப் பாலத்துப் பக்கம் அடுக்குமாடியிலதான இருக்கான்? ரெண்டாம் மாடியா, மூணாம் மாடியா? மருமவளுக்கு ஏழு மாசமாம்லா. பாத்து இருக்கச் சொல்லும், மழ நேரம்" என்றார். ஜெனிபாவுக்கு ஏழு மாதம் என்று நான் அந்த ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அம்மாவை உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அப்புறம், "அந்தப் பொண்ணு இசக்கிக்கு நான் வளைகாப்புக்குப் போய் வளையல் போட்டேன்" என்று மட்டும் சொன்னாள்.

நேற்று சுடலைமுத்து வீட்டுக்கு வந்தார். கேட்டுக்கு வெளியிலேயே நின்றார், உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. "எங்கிட்ட வந்து சொன்னீங்க. அத எழுதித் தருவீங்களா?" என்று கேட்டார். தருவேன் என்றேன். "கோர்ட்ல வந்தும் சொல்லணும்." சொல்வேன் என்றேன். "அவங்க ஒங்களையும் சும்மா விட மாட்டாங்க. நானும் ஒங்கள விடப்போறதில்ல, முதலாளி பேரு போடுத எடத்துல ஒங்க பேரையும் போடுவேன்" என்றார். அதுதான் நியாயம் என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நாளைக் காலை பத்து மணிக்கு கோர்ட்டுக்கு எதிரே இருக்கிற வக்கீல் ஆபீஸுக்கு வரச் சொல்லிவிட்டுப் போனார். அவரும் இசக்கியும் வருவார்கள். நாளைக்கு நான் கையெழுத்துப் போட்டுவிட்டால் அப்புறம் எதையும் திருப்பி எடுக்க முடியாது. நம் பெயர் ஊரில் என்ன ஆகும் என்று தெரியும். தேவாலயத்துக்கு மூப்பர் பதவி வேண்டாம் என்று கடிதம் கொடுத்துவிட்டேன். உனக்கும் இதனால் பேச்சு வரும். அதற்கு என்னை நீ மன்னிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. வேறு யார் வாயிலிருந்தும் நீ கேட்கக்கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

இனி நான் சொல்வதைக் கவனமாகப் படி. காரை அங்கேயே விட்டுவிட்டு ரயிலில் வா. வண்டி மேல் எனக்குக் குறையில்லை, நல்ல வண்டிதான். பின்னால் என்றைக்காவது ஓட்டிக்கொண்டு வருவதாக இருந்தால், பழகின பங்க்கில் ரெண்டு நாள் முன்னாலேயே போட்டு, ஊருக்குள் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பு. தெரியாத இடத்தில் ரொப்பிக்கொண்டு நேரே தூரப் பயணம் போகாதே. ஆனால் இந்தத் தடவை ரயில். எந்த நாள், எந்த வண்டி என்பதை எனக்கும் அம்மாவுக்கும் மட்டும் சொல். உன் சிநேகிதர்களிடம்கூட இப்போதைக்குச் சொல்ல வேண்டாம். அடுக்குமாடி வாட்ச்மேனிடம், யாராவது உன்னைப் பற்றி விசாரித்தார்களா என்று பேச்சுவாக்கில் கேட்டுப் பார். ஜெனிபாவிடம் எவ்வளவு சொல்வது என்பதை நீயே முடிவு செய்துகொள். ஆனால் பொய் சொல்லாதே.

திருநெல்வேலி ஸ்டேஷனில் முதல் பிளாட்பாரத்தில் நான் நிற்பேன். உங்கள் பெட்டிகளை நானே தூக்கிக்கொள்வேன். ஒருவேளை நான் அங்கே இல்லையென்றால், உங்கள் அப்பா அனுப்பினார் என்று சொல்லிக்கொண்டு யார் கார் கொண்டுவந்து நின்றாலும், அவர்கள் நம் வீட்டு விலாசத்தையும் உன் பெயரையும் சரியாகச் சொன்னாலும், அவளை அதில் ஏற்றாதே. கூட்டத்தோடு கூட்டமாக வெளியே வந்து, ஒரு ஆட்டோவைப் பிடித்து, நேரே அம்மாவிடம் வந்துவிடு.

உன் அப்பா